கூரியர் காசுக்கும் ஜிஎஸ்டி உண்டா? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்

அல்சூர்_நூலிழை:

வணக்கம். பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தபடியே சேலை விற்கிறேன். இளம்பிள்ளையிலிருந்தும் சின்னாளப்பட்டியிலிருந்தும் சரக்கு எடுத்து, வாட்ஸப் குழுவில் படம் போட்டு, கேட்டவர்களுக்குப் பார்சல் அனுப்புவேன், அவ்வளவுதான் வியாபாரம். 2025 ஜூலையில் இங்கே யுபிஐ வரவைப் பார்த்து வணிகவரித் துறை சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். பேக்கரி, காண்டிமென்ட்ஸ் கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு கேஷ் மட்டும் என்று எழுதி ஒட்டினார்களே, அந்தச் சமயம். அந்தப் பயத்தில் என் சித்தப்பா மகன் உட்கார்ந்து ஆகஸ்டில் எனக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்துக் கொடுத்தான். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டம்தான் அக்கா, விற்பனையில் ஒரு சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், தலைவலி இல்லை என்றான். இதுவரை தலைவலி இல்லைதான்.

இப்போது சென்னையில் ஒரு துணிக்கடைக்காரர் 12 சேலை கேட்டிருக்கிறார். ஒன்று 2,400, ஆக 28,800. பார்சல் செலவு 400 ரூபாயைத் தனியாகத் தந்துவிடுவதாகச் சொன்னார், ஆனால் வரி போட்ட பில் வேண்டுமாம். அந்த 400க்கு என்ன வரி போடுவது என்பதில்தான் சிக்கல். அவர் கடைக் கணக்கர், கூரியர் என்றால் 18 சதவீதம், அதையே போடுங்கள் என்கிறார். தம்பி, அது நீ வாங்கி அப்படியே கூரியர்காரனுக்குக் கொடுக்கிற காசு, அதற்கு வரியே கிடையாது என்கிறான். மாடி வீட்டில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, சேலைக்கு 5 என்றால் இதற்கும் 5 என்கிறாள். மூன்று பேரும் அடித்துச் சொல்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, ஜெயநகரில் ஓர் அக்கா மதுரையில் இருக்கும் தன் அம்மாவுக்குச் சேலை அனுப்பச் சொல்வார். காசு இங்கே வருகிறது, சேலை அங்கே போகிறது. இது கர்நாடகக் கணக்கா, தமிழ்நாட்டுக் கணக்கா?

சிக்பேட்டை_72:

மேடம், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை. பில்லில் சேலை ஒரு வரி, கூரியர் இன்னொரு வரி என்று தனித்தனியாக எழுதுங்கள். தனியாகக் காட்டிய வண்டிக்கூலிக்கு வரி கிடையாது. நாங்கள் இருபது வருஷமாக சிக்பேட்டையில் அப்படித்தான் போட்டோம், எவனும் கேட்டதில்லை.

கணக்கு_வழக்கு:

மேலே சொன்னவர் மன்னிக்கவும், அது ஜிஎஸ்டிக்கு முந்தைய கதை. 2017 ஜூலை 1க்குப் பிறகு அப்படிப் போட்டால் தவறு.

அல்சூர் அக்கா, மாடி வீட்டுப் பெண் சொன்னதுதான் சரி. சட்டம் இதைப் பார்க்கும் விதம் இது. நீங்கள் சேலையை விற்று, கட்டி, கொண்டுபோய்ச் சேர்த்துக் கொடுக்க ஒப்புக்கொள்கிறீர்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது சேலை. கூரியர் அதற்குத் துணைக்கு வருவது. இரண்டும் இயல்பாகச் சேர்ந்தே வருவதால் அதை ஒரே கலவை விற்பனையாக எடுத்துக்கொண்டு, முதன்மையான பொருளுக்கு என்ன விகிதமோ அதையே முழுத் தொகைக்கும் போட வேண்டும். சட்டத்தில் இதற்குக் கொடுத்திருக்கும் உதாரணமே, சரக்கைக் கட்டி, காப்பீட்டோடு ஏற்றி அனுப்பி விற்பதுதான். அதோடு, விற்பவர் வாங்குபவரிடம் சரக்கு கைக்குப் போகும் முன் வாங்கும் எல்லாச் சில்லறைச் செலவும், பேக்கிங் உட்பட, விற்பனை மதிப்பில் சேரும் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. தனியே எழுதலாம், சேர்த்து எழுதலாம், இலவச டெலிவரி என்று சொல்லிவிட்டு விலையிலேயே ஏற்றலாம், வரி ஒன்றுதான்.

உங்கள் கணக்கு: 28,800 கூட்டல் 400, மொத்தம் 29,200. இதற்கு 5 சதவீதம் 1,460. சென்னைக் கணக்கர் சொல்கிறபடி 400க்கு மட்டும் 18 போட்டால் 1,512 வரும். இந்த 52 ரூபாய்க்குத்தான் மூன்று பேர் சண்டை போட்டிருக்கிறார்கள்!

18 எங்கிருந்து வருகிறது என்றால், கூரியர் கம்பெனி உங்களுக்குத் தரும் பில்லில். அது அவர்கள் உங்களுக்குச் செய்யும் சேவை. நீங்கள் சென்னைக் கடைக்குச் செய்வது கூரியர் சேவை இல்லை, சேலை விற்பனை. ஒரே பார்சலுக்கு இரண்டு பில், இரண்டு விகிதம், இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

தம்பி சொல்கிற "வாங்கி அப்படியே கொடுக்கிற காசு" என்பதும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. வாங்குபவர் சார்பாக, அவர் சொல்லி, அவருக்காக நீங்கள் மூன்றாம் ஆளுக்குக் கட்ட வேண்டும், ஒரு ரூபாய்கூட மேலே வைக்கக் கூடாது. கூரியரைத் தேர்ந்தெடுப்பதும், பேரம் பேசுவதும், புக் செய்வதும் நீங்கள் என்றால் அது பொருந்தாது. எல்லா ஆர்டருக்கும் ஒரே மாதிரி 100 ரூபாய் வாங்குகிறீர்கள், கூரியர்காரர் சில சமயம் 70 எடுக்கிறார், சில சமயம் 130 எடுக்கிறார் என்றால் பேச்சுக்கே இடமில்லை.

மதுரை அம்மா விஷயம். ஜெயநகர் அக்கா ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளர்தானே? அப்படியென்றால் சேலை போய்ச் சேரும் முகவரிதான் கணக்கு, மதுரை, ஆகவே வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. பணம் கட்டுபவர் முகவரி வேறு, பார்சல் முகவரி வேறு என்று வந்தால் பார்சல் முகவரியைப் பிடித்துக்கொள் என்று 2024 ஜூனில் மத்திய வாரியம் சுற்றறிக்கையே போட்டுவிட்டது. ஆனால் அவரே பதிவு பெற்ற கடைக்காரராக இருந்து, பில் தன் பெங்களூருக் கடைப் பெயரில், சரக்கு மட்டும் மதுரைக்கு என்றால் கதை திரும்பும். அப்போது கர்நாடகம்தான், மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி பாதி, மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டி பாதி.

புத்தக_மூட்டை:

ஒரு குறுக்குப் பேச்சு. நான் பழைய தமிழ்ப் புத்தகங்கள் அனுப்புகிறேன். அச்சிட்ட புத்தகத்துக்கு வரி கிடையாது, ஆகவே நான் வாங்கும் பார்சல் காசுக்கும் கிடையாது. ரொம்ப நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கூரியர்காரர் என்னிடம் வாங்கும் 18 சதவீதத்தைக் கழிக்க எனக்கு எதிர்ப்பக்கம் வரியே இல்லை, அது முழுக்க என் தலையில். 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு 90 ரூபாய் பார்சல் என்றால் வாங்குகிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

பழைய_சி_பாரம்:

சிக்பேட்டைத் தம்பியை ரொம்பத் திட்டாதீர்கள். அவர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரிதான். 1956ஆம் வருஷ மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் விற்பனை விலை என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, வண்டிக்கூலியைத் தனியாக வசூலித்தால் அது விலையில் சேராது என்று எழுதியிருந்தது. நாங்கள் அதைத் "தனி வரியில் எழுதினால் வரி இல்லை" என்று சொல்லிச் சிரிப்போம். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கு, வாங்கினவரிடமிருந்து சி பாரம் என்ற சலுகை வரிப் படிவம் வந்தால் இரண்டு சதவீதம், லாரி வாடகை கீழே தனி. பில் புத்தகத்தில் அதற்கென்றே கோடு போட்டு அச்சடித்திருப்பார்கள். இன்னும் சில கடைகளில் அந்தப் பில் புத்தகம் ஓடுகிறது, பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தக் காலத்திலும் எல்லோருக்கும் அது எடுபடவில்லை. 1978இல் இந்துஸ்தான் சுகர் மில்ஸுக்கும் ராஜஸ்தான் அரசுக்கும் நடந்த வழக்கு. சிமெண்டுக்கு அரசு கட்டுப்பாட்டு விலை வைத்திருந்தது, போய்ச் சேரும் ரயில் நிலையம் வரைக்கும் சேர்த்த விலை. ரயில் கூலியை வாங்கினவன் ஸ்டேஷனில் கட்டிவிட்டு பில்லில் கழித்துக்கொள்வான். கம்பெனி, கூலி எங்களுக்கு வரவில்லை, அதற்கு எதற்கு வரி என்றது. சுப்ரீம் கோர்ட், விலை என்று பேசியதே கூலி உட்படத்தான், கட்டினது யார் கை என்பது முக்கியமில்லை, அதுவும் விற்பனை விலைதான் என்று சொல்லிவிட்டது. அதனால் வண்டிக்கூலிச் சண்டை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை.

சரி, அது கிடக்கட்டும். எல்லோரும் 400 ரூபாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்தப் பெண் முதல் பத்தியிலேயே காம்போசிஷன் என்று எழுதியிருக்கிறது, யாரும் படிக்கவில்லையா? அம்மா, காம்போசிஷனில் இருக்கிறவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கே விற்கக் கூடாது. ஒரு சேலைகூட. பில்லில் வரி வசூலிக்கவும் கூடாது. சென்னைக்காரருக்கு 5 போடுவதா 18 போடுவதா என்பது உங்களுக்கு இரண்டாவது கேள்வி.

கணக்கு_வழக்கு:

சார் சொல்வது சரி, நான் கணக்கைப் பார்த்த வேகத்தில் அதைக் கவனிக்கவில்லை, தவறு என்னுடையது. அக்கா, ஆகஸ்டுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் பார்சல் போயிருக்கிறதா?

அல்சூர்_நூலிழை:

போயிருக்கிறதாவா. பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. கோயம்புத்தூர், சேலம், ஓசூர், மதுரை. கை நடுங்குகிறது. தம்பியிடம் இப்போதுதான் சண்டை போட்டுவிட்டு வந்தேன், அவன் 40 லட்சம் வரைக்கும் ஒன்றுமே வேண்டாம், நான் நல்லது செய்யப் போய் எடுத்துக் கொடுத்தேன் என்கிறான். ஒரு யோசனை, சென்னைக் கடைக்காரர் நேரில் வந்து அல்சூரில் வாங்கிக்கொண்டு போனால் உள்ளூர் விற்பனை ஆகிவிடாதா? அவரே கலாசிபாளையம் லாரி ஆபீஸில் புக் செய்துகொள்வதாக இருந்தாலும் சரிதானே?

ஓசூர்_எட்டரை_பஸ்:

அக்கா, பயப்படாதீர்கள், நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் சின்னதாக சுவிட்ச், ஒயர் கடை வைத்திருக்கிறேன். அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர், சைக்கிளில்கூடப் போய்விடலாம். அங்கே ஒரு எலக்ட்ரீஷியனுக்கு வாரம் இரண்டு முறை சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பக்கத்துத் தெரு. சட்டத்துக்கு அது வேறு மாநிலம். பீதர் இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம், அது உள்ளூர். ஓசூர் வெளியூர். எனக்குப் பதிவு எடுத்துக் கொடுத்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்டால் நீங்கள் சொல்லவில்லையே என்றார்.

40 லட்சம் என்பது சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், கைவினைப் பொருள் மாதிரி சில விதிவிலக்குகளைத் தவிர, முதல் ரூபாயிலேயே பதிவு கட்டாயம், அதுவும் சாதாரணப் பதிவு. உங்கள் தம்பி பதிவு எடுத்தது தப்பில்லை, எந்த வகை என்பதில்தான் கோட்டை விட்டார்.

பழைய_சி_பாரம்:

நேரில் வந்து வாங்கிப் போகும் யோசனை எல்லோருக்கும் வரும், எங்கள் காலத்திலும் வந்தது. சட்டம் அதை முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறது. சரக்கை விற்றவன் கொண்டு போனாலும், வாங்கினவன் கொண்டு போனாலும், வேறு யார் கொண்டு போனாலும், பயணம் எங்கே முடிகிறதோ அதுதான் விற்பனை நடந்த இடம். சென்னைக் கடை அவர் ஜிஎஸ்டி எண்ணில் பில் கேட்டு, சரக்கு சென்னையில் போய் இறங்கினால், கலாசிபாளையத்தில் யார் புக் செய்தார்கள் என்பது கணக்கில்லை.

ஆனால் டூ பே என்று அவரே லாரிக்காரரைப் பிடித்து, அவரே வாடகை கட்டி எடுத்துக்கொள்கிறார் என்றால் ஒன்று மட்டும் மாறும். உங்கள் விலை அல்சூர் வாசலோடு முடிகிறது, அந்த 400 உங்கள் பில்லுக்குள்ளேயே வராது. சேலைக்கு மட்டும் வரி. அது ஐஜிஎஸ்டிதான், அதில் மாற்றமில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு சேலை வாங்கிப் போகும் சாதாரண மக்கள் வேறு. 2023 அக்டோபரிலிருந்து, பதிவு இல்லாதவர் முகவரியைப் பில்லில் எழுதினால் அந்த முகவரி, எழுதாவிட்டால் உங்கள் கடை இருக்கும் இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகத்தான் அர்த்தம். ஊருக்கு வந்த சேலத்து அத்தைக்கு அன்பாக "சேலம், தமிழ்நாடு" என்று பில்லில் எழுதிக் கொடுத்தீர்களென்றால் அதுவும் வெளிமாநில விற்பனைதான்.

கணக்கு_வழக்கு:

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், ஆனால் ஒரு ஆடிட்டரை வைத்துத்தான் செய்ய வேண்டும், இதைப் படித்துவிட்டு நீங்களே போர்டலில் அழுத்தாதீர்கள். முதல் வெளிமாநிலப் பார்சல் போன நாளோடு காம்போசிஷன் தகுதி போய்விட்டது. அந்த நாளிலிருந்து நீங்கள் சாதாரண வரி கட்ட வேண்டியவர். தகுதி போன ஏழு நாளுக்குள் சிஎம்பி 04 என்ற படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும், அது தாண்டிவிட்டது, இனியாவது உடனே கொடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் காரணம் கேட்டு நோட்டீஸ் விட்டால் வரியோடு அபராதமும் சேரும். நாமாகப் போய்ச் சொல்வது வேறு.

வரி 1 சதவீதத்திலிருந்து 5 ஆகிறதே என்று ஒரேயடியாக வயிறு எரிய வேண்டாம். சாதாரணப் பதிவுக்கு வந்தால், தகுதி மாறிய நாளில் கையில் இருந்த சரக்குக்கு நெசவாளரிடம் கட்டிய 5 சதவீதத்தை இன்புட்டாக, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழிவாக, எடுக்க வழி உண்டு, ஐடிசி 01 என்ற படிவம், அதற்கும் 30 நாள் கெடு. பில் ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு தேறும் என்பதை ஆடிட்டர் பில்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இளம்பிள்ளை பில்களைத் தூக்கிப் போடவில்லையே?

இனிமேல் கூரியர் புக் செய்யும்போது உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். கவுண்டரில் நின்று சும்மா ரசீது வாங்கினால் அந்த 18 சதவீதம் போனது போனதுதான், உங்கள் பெயரில் ஏறாது. எண் கொடுத்தால் அது இன்புட். சேலைக்கு வாங்கும் 5இல் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம், இளம்பிள்ளையிலிருந்து மூட்டை எப்படி வருகிறது? எல்.ஆர். (லாரி ரசீது) போடும் லாரி சர்வீஸில் வந்து, வாடகையை நீங்கள் கட்டி, அவர் பில்லில் வரி போடாமல் இருந்தால், அந்த வாடகைக்கு 5 சதவீதத்தை ஆர்சிஎம் முறையில் நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும். காம்போசிஷனில் இருந்தாலும் இது உண்டு, ஆனால் அங்கே அது திரும்ப வராது. சாதாரணப் பதிவில் கட்டிவிட்டு இன்புட் எடுத்துக்கொள்ளலாம்.

அல்சூர்_நூலிழை:

பில் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, எலி கடிக்கவில்லை. மூட்டை லாரியில்தான் வருகிறது, டூ பே, நான்தான் கட்டுகிறேன். அதற்கும் வரியா, சாமி. நாளைக்கே ஆடிட்டரைப் பார்க்கிறேன்.

கேட்க மறந்தது: சேலையோடு சில பேர் சுடிதார் செட்டும் கேட்கிறார்கள், ஒரே பார்சலில் போகும். அதன் வரி வேறல்லவா?

கணக்கு_வழக்கு:

வேறுதான். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு தைத்த உடை ஒன்று 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. சேலை துணிக் கணக்கில் வருவதால் எவ்வளவு விலையானாலும் 5. ஒரே பார்சலில் 3,000 ரூபாய்ச் சேலையும் 3,200 ரூபாய் செட்டும் போய், கூரியர் 155 வாங்கினீர்கள் என்றால், விலைப்படி பிரித்து 75 ரூபாயைச் சேலைப் பக்கமும் 80 ரூபாயைச் செட் பக்கமும் போடுவதுதான் நடைமுறை. அது 5இல், இது 18இல். முழு 155ஐயும் குறைந்த விகிதப் பக்கம் தள்ளிவிடலாமே என்று தோன்றும், வேண்டாம்.

அல்சூர்_நூலிழை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆடிட்டர் வைத்து சிஎம்பி 04 கொடுத்தாயிற்று. பழைய பார்சல்களுக்கு முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டு வட்டியோடு கட்டச் சொல்லியிருக்கிறார், பெரிய தொகைதான், தம்பி பாதி தருகிறேன் என்று வாயால் சொல்லியிருக்கிறான். சென்னைக்கு முதல் வரி பில் போட்டேன்: 29,200, ஐஜிஎஸ்டி 1,460, மொத்தம் 30,660. கடைக் கணக்கர் மறுபடியும் 18 என்று ஆரம்பித்தார். எப்படிப் போட்டாலும் உங்களுக்கு அது இன்புட்தானே சார், எனக்குத்தான் தப்பு பில் என்றேன், அமைதியாகிவிட்டார். பொங்கலுக்கு 20 சேலை வேண்டும் என்கிறார்.

ஓசூர்_எட்டரை_பஸ்:

நல்ல செய்தி அக்கா. 20 சேலை என்றால் 48,000, வரி சேர்த்தால் 50,400. பார்சல் காசை ஏற்றினால் இன்னும் மேலே. 50,000 தாண்டுகிறது, இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஆன்லைன் சீட்டு) போட்டுவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.